சுவத்துல மாட்டியிருந்த சர்டிபிகேட்டை நம்பி 3,86,500 ரூபாயை விட்டுட்டேன், நீங்களாவது உஷாரா இருங்க

கோவத்துல எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க. நேத்து சாயங்காலம் பைபாஸ் ரோட்டுல, நான் பணம் போட்ட கிரிப்டோ ஆப்புக்காரனோட ஆபீசு மாடிப்படி ஏறினேன். ஷட்டர் இறங்கிக் கிடக்கு. வாடகைக்குன்னு புதுசா ஒரு அட்டை தொங்குது. கீழ டயர் கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "உங்களோட சேர்த்து இன்னைக்கு ஒம்பது பேருண்ணே" அப்படின்னார். மூணு லட்சத்து எண்பத்தாறாயிரத்து ஐநூறு ரூபாய். படியிலேயே உக்காந்துட்டேன்.

நான் திருமங்கலம் பக்கம் மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். இருபத்திரண்டு வருஷமாச்சு. எரிஞ்ச மோட்டாரோட மூடியைக் கழட்டி மோந்து பார்த்தே தண்ணி இறங்கிப் போச்சா, வோல்டேஜ் அடிச்சுப் போச்சான்னு சொல்லிடுவேன். அலுமினியக் கம்பிக்கு மேல செம்பு பூசி விக்க வர்றவனை நகத்தால சுரண்டிப் பார்த்தே விரட்டி விட்டிருக்கேன். அப்படிப்பட்டவனைத்தான் சுரண்டிப் பார்க்கவே விடாம சுருட்டிட்டுப் போயிருக்காய்ங்க.

ஐப்பசி, கார்த்திகையில மழை விழுந்தா வயக்காட்டு மோட்டார் ஓடாது, எனக்கும் வேலை இருக்காது. அந்த நேரமாப் பார்த்து போர்வெல் வண்டி ஓட்டுற தம்பி ஒருத்தன் வந்தான். "அண்ணே, நம்ம நாட்டோட சொந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்ணே, தேசிய அளவுல வளர்ந்துக்கிட்டு இருக்கு, அரசாங்கத்துல பதிவு பண்ணினது"ன்னு ஒரு ஆப்பைக் காட்டினான். கிரிப்டோன்னா கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்குற காயின், எக்ஸ்சேஞ்ச்னா அதை வாங்கி விக்கிற இடம். அவனைக் குத்தம் சொல்லல, அவனும் ஒண்ணே கால் லட்சத்தை விட்டுட்டு நிக்கிறான். ஆப்போட பேரை இங்க எழுதல. நாளைக்கே வேற பேருல வரப் போறாய்ங்க, பேரைத் தெரிஞ்சு வச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல. ஆளுங்க பேசுற பேச்சைத் தெரிஞ்சு வச்சுக்கங்க.

முதல்ல 5,000 போட்டேன். ஆறாவது நாள் 5,640 ஆச்சு. எடுத்துப் பார்ப்போமேன்னு அமுக்கினேன், பத்து நிமிஷத்துல ஜிபேல வந்து விழுந்துச்சு. அதுதான் தூண்டில் புழு, அப்ப தெரியல. அடுத்த வாரம் சீட்டு எடுத்த பணம் 86,500 ரூபாயைக் கொண்டு போய்க் கொட்டினேன்.

அதுக்கு மேல பெருசா போடறதுக்கு முன்னாடி நேர்ல பார்க்கணும்னு ஆபீசுக்குப் போனேன் பாருங்க, அங்கதான் விழுந்தேன். ஏசி ரூமு. சுவத்துல சிங்க முத்திரையோட ஒரு சர்டிபிகேட், கண்ணாடி பிரேமு, நிதிப் புலனாய்வுப் பிரிவுல, அதாவது சந்தேகமான பணப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்புல, பதிவு செஞ்சதுன்னு தங்க எழுத்து. இன் பண்ணின தம்பி ஒருத்தன், ஊர்க்காரப் பேச்சு, சூடா பருத்திப்பால் வாங்கிட்டு வரச் சொன்னான். ஒரு நோட்டுல கோடு போட்டு வருஷம் வருஷமா எழுதிக் காட்டினான்.

"2018ல ரிசர்வ் வங்கி, எந்த பேங்கும் கிரிப்டோ கம்பெனிக்குக் கணக்கு வைக்கக் கூடாதுன்னுச்சா? 2020 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சா? 2022ல நம்ம மதுரையில பொறந்த நிதியமைச்சரே பட்ஜெட்ல 30 சதவீதம் வரி போட்டாங்களா? 2023ல எக்ஸ்சேஞ்ச் எல்லாம் பதிவு பண்ணணும்னு உத்தரவும் வந்துருச்சு. வரியும் வாங்கிக்கிட்டு, பதிவும் பண்ணிக்கிட்டா அது கவர்மென்ட் பிசினஸ் இல்லாம வேற என்னண்ணே?"

சொன்ன வருஷம் எல்லாமே நிஜம். அதுதான் இன்னமும் வயித்தெரிச்சலா இருக்கு. நாலு உண்மையைச் சொல்லி அஞ்சாவதா ஒரே ஒரு பொய்யைச் செருகிட்டான். நடுவுல, "ரிசர்வ் வங்கியே டிஜிட்டல் ரூபாய் விட்டிருக்கு, நம்மளதும் அதே ஜாதிதான்"னு வேற சொன்னான். நான் தலையை ஆட்டிக்கிட்டு பருத்திப்பாலைக் குடிச்சேன்.

வீட்ல அஞ்சு பவுன் ஆரத்தை நகைக் கடன்ல வச்சு மூணு லட்சம். ஒரு நாளைக்கு ஒரு லட்சமா மூணு நாள் அனுப்பினேன். முதல் நாள் அனுப்புறப்ப ஜிபேல பார்த்தா பணம் போற பேரு கம்பெனி பேரு இல்ல, யாரோ ஒரு பொம்பளை பேரு. கேட்டேன். கேக்காம இல்ல. "அது நம்ம பேமென்ட் பார்ட்னர்ணே, கம்பெனி கணக்குக்கு நேரா போனா லிமிட் இடிக்கும்" அப்படின்னான். கட்டை விரல் அந்த நீல பட்டனுக்கு மேல ஒரு நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் அமுக்கிட்டேன். ரெண்டும் சேர்த்து 3,86,500.

மார்கழி கடைசியில ஆப்புல 7,12,000 காட்டுச்சு. தைக்குள்ள ஆரத்தைத் திருப்பிடலாம்னு எடுக்கப் போனா எடுக்க முடியல. முதல் நாள் சர்வர் பராமரிப்பு. நாலாவது நாள் கேஒய்சி, அதான் அடையாளச் சரிபார்ப்பு, மறுபடியும் பார்க்கணும், ஆதாரைக் கையில பிடிச்சுக்கிட்டு செல்பி அனுப்புங்க. அனுப்பினேன். ஏழாவது நாள் "உங்கள் பொறுமைக்கு நன்றி". அதே வரி பதினோரு தடவை வந்துச்சு, எண்ணி வச்சிருக்கேன். ஒரு தடவை கெட்ட வார்த்தையில திட்டிப் பார்த்தேன், அதுக்கும் "உங்கள் பொறுமைக்கு நன்றி". ஆபீஸ் தம்பி போனை எடுத்தா, "மேனேஜர் சென்னை போயிருக்காருண்ணே". அப்புறம் "ஆடிட் நடக்குதுண்ணே". அப்புறம் ரிங் போயிக்கிட்டே இருக்கும்.

கடைசியா வந்த மெசேஜ்தான் எல்லாத்துக்கும் மகுடம். லாபம் 3,25,500 ரூபாய்க்கு இந்திய வருமான வரிச் சட்டப்படி 30 சதவீதம், 97,650 ரூபாயை முதல்ல கட்டினா மொத்தப் பணமும் ரெண்டு மணி நேரத்துல வருமாம். கூட வரி ரசீது மாதிரியே ஒண்ணு, முத்திரை எல்லாம் போட்டு. அதையும் கட்டுறதுக்குக் கிளம்பினவன்தான் நான். கைமாத்து கேட்டு எனக்கு ஜிஎஸ்டி பார்க்குற ஆடிட்டர்கிட்ட போனேன், நல்ல வேளை.

அவர் ரசீதைப் பார்த்துட்டு கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சார். "யோவ், 30 சதவீத வரியை நீ வருஷ ரிட்டர்ன் போடும்போது அரசாங்கத்துக்குக் கட்டுவ. காயினை விக்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ்னு முன்கூட்டியே பிடிக்கிற வரி உண்டு, அதை எக்ஸ்சேஞ்சே பிடிச்சுக்கிட்டுத்தான் உனக்கு மீதியைத் தரும். உன் காசை எடுக்க உன்கிட்டயே காசு கேக்குறவன் எக்ஸ்சேஞ்சாய்யா?"

சர்டிபிகேட் விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சுட்டார், அந்தச் சிரிப்பு இன்னும் குத்துது. 2023 மார்ச்சுல சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள்ள கிரிப்டோ கம்பெனிகளையும் கொண்டு வந்தாங்களாம். அதனால அவங்க நிதிப் புலனாய்வுப் பிரிவுல பதிவு பண்ணி, யாரு போடுறா, யாரு எடுக்குறான்னு கணக்கு வச்சு, சந்தேகமா இருந்தா தகவல் சொல்லணும். அம்புட்டுத்தான். உன் பணத்துக்கு அரசாங்கம் ஜாமீன்னு அதுல எங்கயும் இல்ல. பேங்க்ல போட்டிருந்தா, பேங்கே மூழ்கினாலும் 5 லட்சம் வரைக்கும் காப்பீடு இருக்கு. இதுக்கு ஒரு ரூபாய்க்குக் கூடக் கிடையாது. வரி போட்டதால சட்டப்படி அங்கீகாரம்னு அர்த்தமில்லன்னு 2022லயே மாநிலங்களவையில நிதியமைச்சர் பேசியிருக்காங்களாம். ரிசர்வ் வங்கியோட டிஜிட்டல் ரூபாய் பொதுஜனத்துக்கு 2022 டிசம்பர்ல சோதனையா வந்தது, ஒரு ரூபாய் எப்பவும் ஒரு ரூபாய்தான், அதுல வட்டியும் இல்ல, வளர்ச்சியும் இல்ல. இது எல்லாத்தையும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொல்லி முடிச்சார். நான் இதைக் கேக்க 3,86,500 ரூபாய் பீஸ் கட்டியிருக்கேன்.

உண்மையாவே நடக்குற எக்ஸ்சேஞ்சுனாலும் பயம்தானாம். 2024 ஜூலையில நம்ம நாட்டுப் பெரிய எக்ஸ்சேஞ்ச் ஒண்ணுல 23 கோடி டாலர் அளவுக்குத் திருடு போயி, பணம் போட்ட ஜனங்க ஒரு வருஷத்துக்கு மேல காத்துக் கிடந்தாங்க. அதுல ஒரு அம்மா கேஸ் போட்டுத்தான் 2025 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் ஒருத்தரோட சொத்துதான்னு சொல்லுச்சு. அவங்களுக்காவது கோர்ட்டுக்கு இழுக்க ஒரு கம்பெனி இருந்துச்சு. நான் எந்த ஷட்டரை இழுக்கிறது?

பேங்க்ல போயி கேட்டா, "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க என்ன சார் பண்ண முடியும்" அப்படின்னுட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க. ஸ்டேஷன்ல ஏட்டய்யா, "படிச்சவங்களே இப்படிப் பண்றீங்க" அப்படின்னார். நான் பத்தாவதுதான். சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போன் போட்டேன். பணம் எப்ப போச்சுன்னு கேட்டாங்க, சொன்னேன். உடனே சொல்லியிருந்தா போன கணக்கை முடக்கிப் பார்த்திருக்கலாம், இவ்வளவு நாள் கழிச்சுச் சொல்றீங்களேன்னாங்க. புகார் நம்பர் கொடுத்திருக்காங்க.

வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லல. ராத்திரி பீரோ சாவியை என் அரைஞாண் கயித்துல இருந்து அவளே அவுத்து எடுத்துக்கிட்டா.

விவரமா பத்து யோசனை எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. அவசரத்துக்கு இது:

பணம் போற கணக்குல கம்பெனி பேரு இல்லாம தனி ஆள் பேரு வந்தா அங்கேயே நிறுத்துங்க. கொஞ்சமா போட்டு எடுத்துப் பார்த்தேன், வந்துச்சுன்னு நம்பாதீங்க. எடுக்கறதுக்கு வரி, டெபாசிட்னு கேட்டா ஒரு பைசா கொடுக்காதீங்க. ஏமாந்துட்டோம்னு தோணின அந்த நிமிஷமே 1930, வெக்கப்பட்டுக்கிட்டு என்னை மாதிரி பத்தொம்பது நாளைக் கடத்தாதீங்க. சர்டிபிகேட்டுல சிங்கம் இருந்தா... சரி விடுங்க.

இன்னொண்ணு. காலையில இருந்து ரெண்டு பேரு போன் பண்ணிட்டாய்ங்க, போன பணத்தை மீட்டுத் தர்றோம், 8,000 கட்டுங்கன்னு. என் நம்பர் இவிய்ங்களுக்கு எப்படிப் போச்சுன்னு யோசிங்க.

திங்கக்கிழமை காலையில 10 மணிக்கு டயர் கடை வாசல்ல கூடுறோம், இதுவரைக்கும் ஆறு பேரு வர்றதாச் சொல்லியிருக்காங்க. அங்கிருந்து சேர்ந்து போயி மனு கொடுக்கப் போறோம். அதே மாடிப்படி ஏறினவங்க யாராவது இதைப் படிச்சா வாங்க. பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் நகல் ரெண்டு. அவிய்ங்க அனுப்பின மெசேஜ் எதையும் அழிச்சுடாதீங்க.