பட்டாணிப் பேத்தையா, பச்சைப் புள்ளிப் பேத்தையா?

மீன் கடைத் தொட்டியில் பார்த்தால் இந்தப் பேத்தை மீன்கள் (pufferfish) இரண்டும் விரல் நுனி அளவுதான், இரண்டும் கண்ணை உருட்டி நம்மையே பார்க்கும். வித்தியாசம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

பட்டாணிப் பேத்தை கேரளத்து ஆறுகளின் மீன். முழுக்க நன்னீர். வளர்ந்தாலும் சுமார் 3 செ.மீ. தாண்டாது. ஒன்றே ஒன்று என்றால், செடிகள் அடர்ந்த 20 லிட்டர் தொட்டி போதும்.

பச்சைப் புள்ளிப் பேத்தை தென்கிழக்காசியக் கழிமுகத்து ஆள். 15 செ.மீ. வரை வளரும், ஒன்றுக்கே நூறு லிட்டருக்கு மேல் வேண்டும். இதை நன்னீர் மீன் என்று விற்கிறார்களே, அதுதான் கொடுமை. குட்டியாக இருக்கும்போது தாக்குப்பிடிக்கும், அப்புறம் மெல்ல மெல்ல நலிந்துபோகும். வளர வளர உப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சமையல் உப்பு அல்ல, கடல்மீன் தொட்டிக்கான உப்பு. அளந்து பார்க்க உப்புமானியும் வாங்கியாக வேண்டும்.

பல் விஷயத்திலும் பெரியதுதான் வேலை வைக்கும். அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டோடு நத்தை, இறால் கடித்துத் தேயாவிட்டால் வாயைத் திறக்க முடியாமல் பட்டினி கிடக்கும். சின்னதற்குக் குட்டி நத்தையும் உறைந்த புழுவும் போதும். குருணைத் தீவனத்தை இரண்டுமே பெரும்பாலும் சீண்டாது.

இரண்டும் பக்கத்து மீனின் வாலைக் கடிக்கும், தனித்தொட்டிதான் சரி. வலையால் தூக்காதீர்கள், காற்றை விழுங்கி உப்பிவிடும். குவளையில் தண்ணீரோடு அள்ளுங்கள்.

முதன்முறை வளர்ப்பவர் என்றால் நான் பட்டாணியைத்தான் சொல்வேன்.