கன்வெர்டிபிளா, கேமிங் லேப்டாப்பா? இரண்டையும் பல காலம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

புது லேப்டாப் வாங்க நினைக்கும் நண்பர்கள் பிராசசர் எது, கிராபிக்ஸ் கார்டு எது என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: பக்கத்தில் பிளக் பாயிண்ட் இல்லாதபோது அதில் என்ன செய்யப் போகிறீர்கள்? திரையைப் பின்பக்கம் புரட்டிப் பேனாவால் எழுதக்கூடிய 14 அங்குலக் கன்வெர்டிபிள் ஒன்று, 15.6 அங்குல கேமிங் லேப்டாப் ஒன்று, இரண்டும் சில வருடங்களாக என்னிடம் இருக்கின்றன. எழுத்து வேலை, பிடிஎஃப் படிப்பு, வகுப்புக் குறிப்புகள் ஒரு பக்கம். பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாண வேலை, வீடியோ எடிட்டிங், இரவில் கொஞ்சம் கேம் மறுபக்கம். எந்த வேலை எந்த மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், அதை முடிவு செய்தது பெரும்பாலும் வேகம் இல்லை, சார்ஜர் வயர்தான்.

கேமிங் லேப்டாப்பின் பலம் முழுக்கச் சுவரிலிருந்து வருகிறது. கணக்குப் போட்டாலே தெரியும். பிராசசர் 45 வாட், கிராபிக்ஸ் கார்டு 115 வாட் எடுத்தால் மொத்தம் 160 வாட். பேட்டரி 80 வாட்-அவர் (80 வாட்டை ஒரு மணி நேரம் தரும் கொள்ளளவு) என்றால் அரை மணி நேரத்தில் காலி. நடைமுறையில் அந்த அரை மணி நேரம்கூட முழு வேகம் கிடைக்காது. அத்தனை மின்சாரத்தை ஒரே மூச்சில் கொடுக்க பேட்டரியால் முடியாது என்பதால், வயரைப் பிடுங்கியதும் லேப்டாப்பே கிராபிக்ஸ் கார்டின் வாட்டைக் குறைத்துவிடும். மேசையில் சீராக ஓடிய கேம் பேட்டரியில் திணறும். அப்போ பெரிய பேட்டரி வைத்தால் என்ன என்று தோன்றும். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரியின் வரம்பு 100 வாட்-அவர். பெரிய கேமிங் லேப்டாப்களின் பேட்டரி 99 சொச்சத்தோடு நின்றுவிடுவது அதனால்தான். அடுத்த வருட மாடலில் இது தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எடையும் இதே கதைதான். விளம்பரத்தில் போடும் எடையில் சார்ஜர் சேராது. என் கேமிங் லேப்டாப் 2.3 கிலோ, அதன் 230 வாட் சார்ஜர் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தொடுகிறது. பையில் போட்டால் மூன்று கிலோவுக்கு மேல். கன்வெர்டிபிள் 1.4 கிலோ, அதன் 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் உள்ளங்கையில் அடங்குகிறது, போனுக்கும் அதுவே போதும். சில நாள் சார்ஜரே எடுக்காமல் கிளம்பிவிடுகிறேன். நிறைய கேமிங் லேப்டாப்களும் இப்போது யூஎஸ்பி-சி வழியாக 100 வாட் வரை வாங்கிக்கொள்கின்றன. பிரவுசிங், டைப்பிங், கோடிங் எல்லாம் அதில் தாராளமாக நடக்கும். வெளியே போகும்போது பெரிய சார்ஜரை வீட்டில் விட்டுவிடலாம். வாங்குமுன் இந்த வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கேமிங் லேப்டாப்பை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். சும்மா டைப் செய்யும்போதுகூட பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீர்கிறது என்றால், கிராபிக்ஸ் கார்டு தூங்காமல் விழித்திருக்கிறது என்று அர்த்தம். கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியாவின் ஆப்டிமஸ் என்ற வசதி 2010-லேயே வந்துவிட்டது. லேசான வேலைக்குப் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை வைத்துக்கொண்டு பெரிய கார்டை அணைத்துவிடுவதுதான் அதன் வேலை. ஆனால் திரை எந்த கிராபிக்ஸோடு இணைய வேண்டும் என்று மாற்றும் மக்ஸ் சுவிட்சை ‘கார்டு மட்டும்’ என்று வைத்துவிட்டால் அந்த மின்சார மிச்சம் போய்விடும். நான் மேசையில் கேம் ஆடும்போது மட்டும் அப்படி வைப்பேன், மற்ற நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஹைப்ரிட்தான். எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர் மாட்டினாலும் பல மாடல்களில் பெரிய கார்டு விழித்துக்கொள்ளும், ஏனென்றால் அந்த போர்ட் நேராக அதோடுதான் இணைந்திருக்கிறது.

கடையில் விற்பவர்கள் கார்டின் பெயரை மட்டும் சொல்வார்கள். பெயர் பாதித் தகவல்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கு வேண்டுமானாலும் அமைக்கப்படலாம். மெல்லிய உடம்புக்குள் குறைந்த வாட்டில் அடைத்த 4070, தடிமனான லேப்டாப்பில் முழு வாட்டில் ஓடும் 4060-க்குப் பின்னால் நிற்கலாம். ஸ்பெக் ஷீட்டில் டிஜிபி என்று ஒரு எண் இருக்கும், கார்டு எத்தனை வாட் வரை எடுக்கலாம் என்பது அது. அது இல்லை என்றால் அந்த மாடலை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரையையும் கவனியுங்கள். விலை குறைந்த கேமிங் லேப்டாப்களில் 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும், நிறம் மட்டும் 45 சதவீத என்டிஎஸ்சி என்று ஓரத்தில் இருக்கும், திரை காட்டும் நிறங்களின் வீச்சு குறைவு என்று அர்த்தம். அதில் போட்டோ திருத்தினால் தோலின் நிறம் வெளிறித் தெரியும். நம்பி வேலை செய்ய முடியாது.

இனி கன்வெர்டிபிள். திரையை 360 டிகிரி புரட்டும் லெனோவோ யோகா 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தபோது, இது வெறும் வித்தை என்று பலர் சொன்னார்கள். பேனா இல்லாமல் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்றைக்கும் அது கிட்டத்தட்ட உண்மைதான். டச் மட்டும் வேண்டும் என்பதற்காகக் கன்வெர்டிபிள் வாங்கத் தேவையில்லை. பேனாதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. கட்டுரையைத் திறந்து, ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, வரியின் கீழ் கோடிழுத்து, பக்கத்திலேயே ஒரு சமன்பாட்டை எழுதிப் பார்க்கும் சுகம் கீபோர்டில் வராது. கணிதம், வேதியியல், சர்க்யூட் வரைபடம், இசைக் குறிப்பு என்று டைப் செய்ய முடியாத எதையும் படிப்பவருக்கு இது உண்மையான வசதி. மாணவர்களின் விடைத்தாளைத் திருத்துபவர்களுக்கும் அப்படியே. நான் அச்சடித்துப் படிப்பதை ஏறக்குறைய நிறுத்தியே விட்டேன்.

பேனாவிலும் தரம் ஒன்றுபோல் இருக்காது. வேகமாகக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தால் எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். ஒரு ஸ்கேலை வைத்து மிக மெதுவாகச் சாய்கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நெளிநெளியாக வந்தால் அந்தத் திரை ஓவியத்துக்கு ஆகாது. குறிப்பெடுக்க மட்டும் போதும். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதும்போது தப்புக் கோடு விழுகிறதா என்றும் பாருங்கள். வேகாம் நிறுவனத்தின் இஎம்ஆர் வகைப் பேனா திரையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் அதற்கு பேட்டரியே தேவையில்லை. பெரும்பாலான கன்வெர்டிபிள்களில் வரும் மற்ற வகைகளுக்குத் தேவை, அது தீரும் நேரம் எப்போதும் அவசரமான நேரமாகத்தான் இருக்கும். அப்புறம், கண்ணாடித் திரையில் நிப் வழுக்கும். மேட் ஃபிலிம் ஒட்டினால் தாளில் எழுதுவதுபோல் பிடிமானம் கிடைக்கும், ஆனால் எழுத்தின் கூர்மை கொஞ்சம் மங்கும், நிப்பும் சீக்கிரம் தேயும். நான் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

புரட்டியபின் அது டேப்லெட் ஆகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 1.4 கிலோவை ஒரு கையில் பிடித்துப் படிக்க முடியாது. மடியில் அல்லது மேசையில் கிடக்கும் பெரிய எழுதுபலகை அது. பின்பக்கம் போன கீபோர்டு விரலில் தட்டுப்படுவதும் கொஞ்ச நாள் உறுத்தும். வெயிலில் பளபளப்பான திரை முகத்தைத்தான் காட்டும், எழுத்தைக் காட்டாது.

வேகத்தில் கன்வெர்டிபிளின் குணம் நூறு மீட்டர் ஓட்டக்காரரின் குணம். பதினைந்திலிருந்து இருபத்தெட்டு வாட்டுக்குள் வாழும் பிராசசர், சின்ன வேலையை ஒரே பாய்ச்சலில் முடித்துவிடும். ஃபைல் திறப்பது, ஒரு படத்தைத் திருத்துவது இதிலெல்லாம் கேமிங் லேப்டாப்புக்கும் இதற்கும் கை உணரும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் வேலை வந்தால் சூடேறி, வேகம் படிப்படியாக இறங்கும். பிளெண்டர் ரெண்டரை, அதாவது முப்பரிமாணக் காட்சியை இறுதிப் படமாக்கும் வேலையை, இதில் போடுவதே இல்லை. அதை வேகப்படுத்தும் என்விடியா கார்டின் ஆப்டிக்ஸ் வசதி இருக்கும் இடத்தில்தான் அந்த வேலைக்கு அர்த்தம். வீடியோ எடிட்டிங் மட்டும் ஆச்சரியம் தந்தது. சில கேமராக்கள் தரும், நிற விவரம் அதிகம் உள்ள 10-பிட் 4:2:2 எச்.265 வீடியோ ஃபைல்களை இன்டெல்லின் உள் கிராபிக்ஸ் பதினோராம் தலைமுறையிலிருந்தே ஹார்டுவேரில் பிரிக்கும். என்விடியாவில் அந்த வசதி ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதனால் வெட்டி ஒட்டும் வேலை இந்தச் சின்ன மெஷினிலேயே சிக்கலில்லாமல் நடக்கிறது, கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் பெரியதிடம் போகிறேன்.

வருடங்கள் ஆக ஆகத் தெரிவது வேறு. கன்வெர்டிபிளில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வருவதுதான் வழக்கம், பிறகு கூட்ட முடியாது. 16 ஜிபி-க்குக் குறைந்து வாங்கவே கூடாது. நாலைந்து வருடம் வைத்திருப்பவர் 32 எடுத்தால் நல்லது. கேமிங் லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு ரேம் ஸ்லாட், எஸ்எஸ்டி மாட்ட இரண்டு எம்.2 ஸ்லாட் கிடைக்கும். நான் இரண்டையும் பின்னாளில் நிரப்பினேன், ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதுமாக இருந்தது. ஆனால் அதன் ஃபேன்களில் தூசி அடையும். சுத்தம் செய்யாமல் விட்டால் சத்தம் கூடும், வேகம் குறையும். கேமில் ஃபிரேமை 60-க்குக் கட்டுப்படுத்தினால் அந்தச் சத்தம் வெகுவாகக் குறைகிறது. தூங்குகிறவர் இருக்கும் அறையில் இது பெரிய உதவி.

பேட்டரி பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். எப்போதும் வயரில், எப்போதும் நூறு சதவீதத்தில், எப்போதும் சூட்டில் இருக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். கேமிங் லேப்டாப்பின் வாழ்க்கையே அதுதான். 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். டச்பேட் மேலெழும்பி வந்தால், அழுத்தக் கடினமானால், பேட்டரி உப்புகிறது என்று பொருள். உடனே அணைத்து மாற்றுங்கள். கன்வெர்டிபிளுக்கு வேறு தொல்லை. மூடிப் பையில் வைத்தாலும் இன்றைய விண்டோஸ் லேப்டாப்கள் முழுதாகத் தூங்குவதில்லை, பைக்குள்ளேயே விழித்துச் சூடாகும். மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி, மாற்றியபின் அந்தத் தொல்லை எனக்கு நின்றது.

இப்போது கேமிங் லேப்டாப் மேசையை விட்டு நகர்வதே அபூர்வம். சன்ஷைன், மூன்லைட் என்ற இலவச மென்பொருள்களை வைத்து, அடுத்த அறையில் கன்வெர்டிபிளில் உட்கார்ந்தபடியே அதன் கேமை ஓட்டுகிறேன். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் தாமதம் எனக்குத் தெரியவில்லை. மேசையை விட்டு நகராத மெஷின் என்றால் அதற்கு டெஸ்க்டாப்பே மேல். மேசைக் கணினியில் ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 200 வாட், 12 ஜிபி நினைவகம். அதே பெயரில் லேப்டாப்புக்கு வருவது 8 ஜிபி, அதிகபட்சம் 115 வாட். என் கேமிங் லேப்டாப் ஓய்ந்தால் அந்த இடத்துக்கு வரப்போவது டெஸ்க்டாப்தான். கன்வெர்டிபிள் ஓய்ந்தால் இன்னொரு கன்வெர்டிபிள்.

விடுதியில் தங்கிப் படிப்பவர், ஊருக்கும் வேலை செய்யும் இடத்துக்குமாக மாறி மாறி இருப்பவர், ஒரே ஒரு கணினிக்குத்தான் வழி உள்ளவர், இவர்களில் முப்பரிமாணமோ மெஷின் லேர்னிங்கோ படிப்பவருக்கு நான் கேமிங் லேப்டாப்பைத்தான் சொல்வேன். அவர் தினமும் தூக்கிக்கொண்டு அலையப் போவதில்லை; போய்ச் சேரும் இரண்டு இடத்திலும் பிளக் பாயிண்ட் இருக்கும். வரையவும் எழுதவும் வேண்டுமென்றால் திரையில்லாத சின்னப் பேனா டேப்லெட் ஒன்றை யூஎஸ்பி-யில் மாட்டிக்கொள்ளலாம். கை ஓரிடம், கண் ஓரிடம் என்று பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.