ரிவைவ் கோரல் க்ளீனர்: பூச்சிக்குச் சரி, முட்டைக்கு வேறு வழி

டூ லிட்டில் ஃபிஷீஸ் நிறுவனத்தின் இந்த டிப், அதாவது கடல்நீர்த் தொட்டியில் விடும் முன் பவளத்தை முக்கியெடுத்துப் பூச்சி நீக்கும் திரவம், தாவரச் சாற்றில் செய்தது. மூடியைத் திறந்தால் தரை துடைக்கும் பைன் திரவத்தின் வாசனை. சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் சமையலறை சிங்க் அருகே இதைச் செய்தால் வீட்டிலுள்ளவர்கள் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள்.

லிட்டருக்குச் சுமார் 10 மி.லி., 5 நிமிடம். டேங்க் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. நான் பயன்படுத்துவது வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா. வெள்ளை என்பது முக்கியம், விழுவதெல்லாம் அதில்தான் தெரியும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் பவளத்தின் இடுக்குகளில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தால், முதலில் ஆம்ஃபிபாடுகளும் (இறால் போன்ற சிற்றுயிர்கள்) குட்டி நட்சத்திர மீன்களும் துடித்துக்கொண்டு கீழே வரும். பாவம், அவை ஒன்றும் செய்யாதவை. அப்புறம்தான் நிஜ வில்லன். மான்டிபோரா என்ற பவளத்தைத் தின்னும் நூடிப்ராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) சில மில்லிமீட்டர்தான் இருக்கும். வெள்ளையாக, முதுகெல்லாம் இறகு இறகாக. சோவாந்தஸ் (சுருக்கமாக சோவா) என்ற பூப்போன்ற பவள வகையைத் தின்னும் நூடிப்ராங்க் இன்னும் கில்லாடி. தின்ற பாலிப்பின் (பூப்போல விரியும் ஒவ்வொரு தனி உயிரின்) நிறமே அதற்கும் வந்துவிடுவதால், உதிர்ந்து விழும்வரை கண்ணில் படாது. சோவாவைத் தொடும்போது கையுறை போடுங்கள். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு.

பூச்சியை உதிர்ப்பதில் இதற்கு என்னிடம் முழு மதிப்பெண். பவளமும் அதிகம் வாடுவதில்லை. சோவாக்கள் பெரும்பாலும் மறுநாளே விரிந்துவிடுகின்றன.

ஆனால் முட்டையை இது கொல்லாது. கடையில் கிடைக்கும் எந்த டிப்பையும் முட்டைக்கு நம்ப முடியாது. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு, சதை செத்து எலும்புக்கூடு தெரியும் அடிப்பகுதியில் பழுப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டையிடும். அதனால் ஃப்ராக் ப்ளக்கை, அதாவது பவளத் துண்டு ஒட்டி வரும் சிறு அடித்தட்டை, நான் வைத்துக்கொள்வதே இல்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புது ப்ளக்கில் ஒட்டுகிறேன். வெட்ட முடியாத இடத்தில் பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டல்தான். பிறகு மீன் இல்லாத தனி டேங்க். வாரத்துக்கு ஒருமுறை மறுபடி டிப், குறைந்தது ஆறு வாரம். பொரித்து வரும் குஞ்சுகள் அடுத்த முட்டையிடும் முன் பிடிக்க வேண்டும் என்பதே கணக்கு. மீன் இல்லாமல் இப்படி வைத்தால், ப்ளக்கில் ஒட்டி வரும் வெண்புள்ளி நோய்க் கிருமியும் ஆள் கிடைக்காமல் சாகும். ஆனால் அதற்கு ஆறு வாரம் போதுமென்று நான் எடுத்துக்கொள்வதில்லை. 76 நாள் வரை வைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம்தான் நான்.

"டிப் பண்ணித்தான் தர்றோம்" என்று கடைக்காரர் சொன்னாலும் ஆறு வாரத்தில் ஒரு நாளைக்கூடக் குறைக்காதீர்கள். டிப் செய்த தண்ணீர் ஒரு சொட்டுகூட டேங்குக்குள் போகக் கூடாது. சுத்தமான உப்புத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் பவளம் போக வேண்டும்.

சோவா, மான்டிபோரா வளர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அக்ரோபோராவில் சிவப்புப் பூச்சி (ரெட் பக் என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணி) இருந்தால் இதை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு நாய்களுக்கு இதயப்புழு வராமல் கொடுக்கும் மில்பெமைசின் ஆக்ஸிம் என்ற மருந்துதான். கால்நடை மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.