கொல்லைக்கு வைக்கோல் மூடாக்கு: சில வருட அனுபவம்

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்கக் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஊற்றுகிற தண்ணீர் வேரில் தங்காமல் வெடிப்பு வழியாகக் கீழே போய்விடும். வைக்கோல் மூடாக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்ணை மூடி வைக்கோல் பரப்புவது, போட ஆரம்பித்த பிறகு வெடிப்பு நின்றுவிட்டது. கத்தரி, வெண்டைக்குத் தினமும் பாய்ச்சிய தண்ணீர் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். உச்சி வெயிலில் வைக்கோலை விலக்கிக் கை வைத்தால் மண் சில்லென்று இருக்கிறது, மண்புழு நெளிகிறது.

என்னைக் கேட்டால் டெல்டாக்காரர்களுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது. சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் வைக்கோல் வரும். கொல்லை காயத் தொடங்குவதும் அப்போதுதான். ஆவணிக்குள் பாதி மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். மிச்சத்தை ஐப்பசி மழைக்கு முன்பே வாரிக் குப்பைக்குழியில் போட்டுவிடுங்கள். நம் களிமண்ணில் சும்மாவே தண்ணீர் வடியாது. ஈர வைக்கோலும் மேலே கிடந்தால் தண்டு அழுகும், நத்தை சேரும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்த பிறகு நடும் குறுவை நெல்லின் வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்துதான் வரும். பூஞ்சணம் பிடித்த அதை நான் மூடாக்குக்கு எடுப்பதில்லை.

நான்கு விரல் கனம் போதும். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும். மண்ணோடு கொத்திக் கலக்காதீர்கள். வைக்கோல் மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை வெளுத்துவிடும். மேலே பரப்பினால் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. போடுவதற்கு முன் வேப்பம் பிண்ணாக்கு தூவுகிறேன், கரையான் குறைகிறது.

குறைகளும் உண்டு. மிஷின் அறுப்பு வைக்கோலில் நெல்மணி ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டதும் கத்தரிப் பாத்தி நாற்றங்கால் மாதிரி பச்சென்று முளைத்துவிடும். பிடுங்குவது சுலபம், பரவாயில்லை. கோரைதான் எதற்கும் மசியாது. வைக்கோலையே குத்திக்கொண்டு மேலே வரும், கிழங்கோடு தோண்டி எடுத்தே ஆக வேண்டும்.

வாசல் புல்தரைக்கு இது வேண்டாம், வெளிச்சம் இல்லாமல் புல் செத்துவிடும். அங்கே அருகம்புல் வைத்திருக்கிறேன். வெட்டிய துணுக்கை அள்ளாமல் விட்டால் அதுவே உரம்.

அறுத்த வயலில் வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உங்கள் ஊரில் அப்படிச் செய்பவர்களிடம் அறுப்புக்கு முன்பே சொல்லி வையுங்கள். வீட்டுக் கொல்லைக்கு ஒன்றிரண்டு கட்டு தாராளம்.