கூலியும் பச்சை குத்துதலும் ஒரே அதிகாரத்தில்: பழைய பிரமாணத்தை வாசிக்க நான்கு வழிகள்

வேதாகமத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க ஐந்து நிமிடம் போதும். "உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் என்ன வருகிறது என்று பாருங்கள். தாய் தகப்பனுக்குப் பயந்திரு. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. குருடன் நடக்கும் வழியில் தடுக்கல் வைக்காதே. பிறனிடத்தில் உன்னைப்போல அன்புகூரு. இதற்கு அடுத்த வசனமே, இரண்டு வகை விதையை ஒரே வயலில் விதைக்காதே, இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், உடம்பில் பச்சை குத்தாதே. நரைத்தவர் முன் எழுந்து நில். தராசில் ஏமாற்றாதே.

எல்லாம் ஒரே குரலில் வருகிறது. இதில் எது இன்று என்னைக் கட்டும்? யூத மரபு மோசேயின் பிரமாணத்தில், அதாவது மோசே வழியாக வந்த சட்டத்தில், 613 கட்டளைகளை எண்ணுகிறது. அவை அத்தனையும் தங்களுக்குத்தான் என்று சொல்லும் பெரிய கிறிஸ்தவ மரபு எதுவும் இல்லை. மொத்தமாகத் தள்ளிவிடுவதையும் சபை ஏற்கவில்லை. பழைய ஏற்பாடே வேண்டாம் என்ற மார்சியோனை ரோமச் சபை 144 வாக்கில் வெளியேற்றிவிட்டது. இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் பல வழிகள் உண்டு. அவற்றில் நான்கை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

மூன்று பெட்டிகள்

நம்மில் பலருக்கு ஞாயிறு பள்ளியிலேயே பழகிப்போன வழி இது. பிரமாணத்தை ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், இஸ்ரவேலின் நாட்டுச் சட்டம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாக வகுத்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளில் ஏழாவது விதியும், 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இதையே எடுத்துக்கொண்டன. சடங்கு கிறிஸ்துவில் முடிந்தது, நாட்டுச் சட்டம் அந்த நாட்டோடு போனது, ஒழுக்கம் மட்டும் எல்லாக் காலத்துக்கும் நிற்கிறது.

இதன் பலம் தெளிவு. பன்றிக்கறி சாப்பிடலாமா என்று பிள்ளை கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் வேதவசனத்தில் அந்தப் பெட்டிகள் இல்லை. 19-ஆம் அதிகாரத்தில் 18-ஆம் வசனத்தை ஒரு பெட்டியிலும் 19-ஆம் வசனத்தை இன்னொன்றிலும் போட வேண்டியிருக்கிறது. இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. வயல் ஓரத்தை ஏழைக்கு விடு என்பது எந்தப் பெட்டி? விவசாயம் சார்ந்த நாட்டுச் சட்டம் என்று ஒதுக்கிவிட்டால், ரூத்தைப் பட்டினியிலிருந்து காப்பாற்றிய கட்டளை நம் கையை விட்டுப் போய்விடுகிறது. வட்டி வாங்காதே, ஏழாம் வருடத்தில் கடனை விடு என்பவையும் அப்படியே போய்விட்டன. பணத்தைத் தொடும் கட்டளைகள்தான் அதிகமாக அந்தப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

ஓய்வுநாள் இன்னொரு சிக்கல். பத்துக் கட்டளைகள் ஒழுக்கச் சட்டம் என்றால், நாலாம் கட்டளை ஏழாம் நாளைத்தானே சொல்கிறது? ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் 1863-இல் ஒரு சபையாக அமைந்த காலத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லேவியராகமம் 11 தடுக்கும் மாமிசங்களையும் அவர்கள் விலக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவனாக, அவர்கள் கேள்விக்கு மூன்று பெட்டி முறையில் திருப்தியான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

லூத்தரின் வழி

ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் பெட்டி எதுவும் செய்யவில்லை. மோசேயின் பிரமாணம் மொத்தமும் யூதருக்குக் கொடுக்கப்பட்டது என்றார். 1525-இல் வந்த ஒரு பிரசங்கத்தில் அவர் காட்டும் ஒப்புமை எளிமையானது: சாக்சனி நாட்டுச் சட்டநூல் சாக்சனிக்காரர்களுக்கு, மோசேயின் சட்டநூல் யூதருக்கு. "எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினேன்" என்பது எகிப்திலிருந்து வந்தவர்களுக்குச் சொன்ன வார்த்தை அல்லவா? கொலை செய்யாதே என்பது நம்மைக் கட்டுகிறது என்றால், அது மோசே சொன்னதால் அல்ல, எல்லா மனிதருடைய இருதயத்திலும் எழுதியிருப்பதால்.

இதில் பெரிய விடுதலை இருக்கிறது. மோசேயின் சட்டத்திலிருந்து நல்லதை விரும்பி எடுத்துக்கொள்ளலாம் என்றும் லூத்தர் சொன்னார். தசமபாகம், விற்ற நிலம் பழைய சொந்தக்காரருக்குத் திரும்பும் யூபிலி வருடம் போன்றவற்றை அரசர்கள் பின்பற்றினால் நன்றாயிருக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் "பரிசுத்தராயிருங்கள்" என்ற அழைப்பை இந்த வழியில் எங்கே வைப்பது? இயற்கைச் சட்டம் திருடாதே என்று சொல்லும். தேவன் பரிசுத்தராக இருப்பதால் நீயும் அப்படி இரு என்று அது சொல்லாது. அதைச் சொன்ன பேதுருவோ (1 பேதுரு 1:16) லேவியராகமத்திலிருந்தே எடுத்து, யூதரல்லாதவர்களும் இருந்த சபைகளுக்கு எழுதினார்.

எத்தியோப்பியா

நம் ஊரில் அதிகம் பேசப்படாத வழி இது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை சனிக்கிழமையையும் மதிக்கிறது, ஞாயிற்றுக்கிழமையையும் மதிக்கிறது. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் (சுன்னத்து) செய்கிறார்கள். பன்றிக்கறி உண்பதில்லை. சனிக்கிழமை பற்றி உள்ளுக்குள்ளேயே நீண்ட சண்டை நடந்து, 1450-இல் பேரரசர் ஸாரா யாகோப் காலத்தில் கூடிய சங்கம் இரண்டு நாட்களையும் ஏற்றுக்கொண்டது.

நூறு வருடம் கழித்து ஐரோப்பாவிலிருந்து வந்த ஜெசுயிட் கத்தோலிக்கத் துறவிகள், நீங்கள் யூதர்களாகிவிட்டீர்கள் என்று குற்றம் சாட்டினார்கள். அதற்குப் பேரரசர் கலாவ்தேவோஸ் 1555-இல் எழுதிய பதில் மிக நிதானமானது. விருத்தசேதனத்தை நாங்கள் நாட்டு வழக்கமாகச் செய்கிறோம், நூபியாவில் முகத்தில் கீறிக்கொள்வதையும் இந்தியர்கள் காது குத்திக்கொள்வதையும் போல, என்கிறார். ஆம், நம் காதுகுத்து அங்கே சாட்சிக்கு வருகிறது. பன்றிக்கறி விஷயத்தில், உண்பவனை நாங்கள் வெறுப்பதில்லை, உண்ணாதவனை உண் என்று கட்டாயப்படுத்துவதும் இல்லை என்று ரோமர் 14-ஐ ஒட்டிச் சொல்கிறார்.

இரட்சிப்புக்கு இது தேவையில்லை, ஆனாலும் இது எங்கள் வாழ்க்கையின் நடை என்பதுதான் அதன் சாரம். பச்சை குத்தாதே என்ற வசனத்தை வாசிக்கும் அதே சபையில், வடக்கே திக்ராய்ப் பகுதிப் பெண்கள் நெற்றியில் சிலுவையைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வசனம் செத்தவருக்காக உடலைக் கீறிக்கொள்ளும் வழக்கத்தோடு சேர்ந்தே வருகிறது. துக்கத்துக்காகக் குத்துவதும் கிறிஸ்துவின் அடையாளமாகக் குத்துவதும் ஒன்றில்லை என்று அவர்கள் வாசித்திருக்கலாம். அந்த வாசிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

வேறுபட்டு வாழ்தல்

நான்காவது வழி நம் தெருவில் இருப்பது. நகையைக் கழற்றிவிட்டு ஞானஸ்நானம் எடுக்கும் பெந்தெகொஸ்தே விசுவாசிகளைத் தெரியாத தமிழர் குறைவு. சில சபைகளில் வெள்ளை உடை மட்டும்தான். இந்த மரபுக்குப் பின்னால் ஜான் வெஸ்லியின் பரிசுத்தப் போதனை இருக்கிறது. பரிசுத்தம் என்றால் பிரித்து வைக்கப்படுதல் என்று இவர்கள் சொல்வது வெறும் பிரசங்கப் பேச்சு இல்லை. எபிரேயத்தில் "காதோஷ்" என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் உண்டு. விசுவாசம் உடம்பிலும் உடையிலும் தெரிய வேண்டும் என்பதை மற்ற மூன்று வழிக்காரர்களையும்விட இவர்கள்தான் கைக்கொள்கிறார்கள். கழுத்து வெறுமையாய்க் கல்யாண வீட்டுக்குப் போய், நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் பெண்ணின் துணிவை நான் மதிக்கிறேன்.

ஆனால் நகை விலக்குக்கு அவர்கள் காட்டும் ஆதாரம் 1 பேதுரு 3, 1 தீமோத்தேயு 2. லேவியராகமத்தில் நகைக்குத் தடை இல்லை. அங்கே "பரிசுத்தராயிருங்கள்" என்ற வசனத்தைத் தொடர்ந்து வருவது வயல், கூலி, தராசு, பரதேசி. வெள்ளை உடையில் அக்கறை காட்டும் சபை, வேலைக்காரரின் கூலியிலும் அதே அக்கறையைக் காட்டினால்தான் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்ததாகும்.

தீட்டு என்ற சொல்

இந்த நான்கையும் உரசிப் பார்க்கும் கல்லாக எனக்கு இருப்பது ஒரே சொல்: தீட்டு. தமிழ் வேதாகமம் எபிரேயச் சொல்லுக்கு அதைத்தான் வைத்திருக்கிறது. வேறு எந்தச் சொல்லை வைத்திருக்க முடியும் என்று தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு நம் ஊர்ச் சரக்கும் உள்ளே வந்துவிட்டது.

என் அத்தை மாதவிலக்கு நாட்களில் நற்கருணை எடுக்க மாட்டார். யாரும் தடுக்கவில்லை, அவராகவே பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். லேவியராகமம் 15-இல் இருக்கிறதே என்பார். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே தீட்டு என்பது பாவம் அல்ல. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு, பிரேதத்தை அடக்கம் செய்தவனுக்கும் தீட்டு. இரண்டும் செய்ய வேண்டிய காரியங்கள். குளித்து, சொன்ன நாள் கழிந்து, சொன்ன சடங்கைச் செய்தால் தீர்ந்தது. இயேசுவைப் பெற்ற மரியாளும் சுத்திகரிப்பின் நாட்கள் நிறைவேறியபின் பலியோடு தேவாலயத்துக்குப் போனார் என்று லூக்கா 2 சொல்கிறது. பிறப்பிலேயே தீட்டான மனிதர் என்று ஒருவரும் லேவியராகமத்தில் இல்லை. நம் ஊரில் அந்தச் சொல் சுமப்பதோ அதைத்தான். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைகளில் சாதி வேறுபாட்டைக் கைவிடும்படி உத்தரவிட்டபோது, அதை ஏற்காமல் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பக்கம் இன்றும் சில இடங்களில் இருக்கிறது. அதற்கு லேவியராகமத்தில் ஒரு வசனத்தைக்கூடக் காட்ட முடியாது.

அத்தையின் கேள்விக்குச் சபை வரலாற்றில் நேர் எதிரான இரண்டு பதில்கள் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோனீசியு, அந்த நாட்களில் பெண்கள் திருவிருந்துக்கு அருகில் வரக் கூடாது என்றார். பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள (உதிரப்போக்குள்ள) ஸ்திரீகூட இயேசுவைத் தொடவில்லை, வஸ்திரத்தின் ஓரத்தைத்தான் தொட்டாள் என்பது அவர் வாதம். போப் கிரகோரி 601-இல் இங்கிலாந்துக்கு எழுதிய பதிலில் அதே பெண்ணைக் கொண்டு எதிர்ப்பக்கம் வாதாடினார்: அவள் ஆண்டவரின் வஸ்திரத்தைத் தொட்டது பாராட்டுக்குரியது என்றால், மாதவிலக்கில் இருப்பவள் ஆலயத்துக்குள் வருவது எப்படிக் குற்றம்?

நான் கிரகோரி பக்கம். காரணம் ஆகாய் தீர்க்கதரிசனத்தில் இருக்கிறது. பரிசுத்த மாமிசத்தைச் சுமந்த வஸ்திரம் அப்பத்தில் பட்டால் அப்பம் பரிசுத்தமாகுமா? ஆகாது என்றார்கள் ஆசாரியர்கள். பிணத்தால் தீட்டுப்பட்டவன் தொட்டால் தீட்டாகுமா? ஆகும். தீட்டு ஒட்டும், பரிசுத்தம் ஒட்டாது. சுவிசேஷத்தில் இது திசை மாறுகிறது. குஷ்டரோகியை இயேசு தொடுகிறார், சுத்தமாவது குஷ்டரோகி. அந்த ஸ்திரீ தொடுகிறாள், வல்லமை அவரிடமிருந்து புறப்படுகிறது. பிரமாணத்தை அழிக்க அல்ல, நிறைவேற்ற வந்தேன் என்று அவர் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பிரமாணம் வேலி கட்டிக் காத்த பரிசுத்தம், அவரில் வேலிக்கு வெளியே நடந்து போகிறது.

அதனால் பெட்டி போடுவதைவிட, ஒவ்வொரு கட்டளையிடமும் நீ எதைக் காத்தாய் என்று கேட்பது நல்லது. கலப்புத் துணியைப் பாருங்கள். உபாகமம் 22 அதை ஆட்டுமயிரும் சணலும் சேர்ந்தது என்று விளக்குகிறது. பிரதான ஆசாரியனின் ஏபோத்து என்ற மேலுடையோ சணல் நூலும் சாயமிட்ட நூல்களும் கலந்து நெய்தது. அந்தச் சாயநூல் கம்பளி என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அப்படியானால் கலப்பு கெட்டது என்பதால் தடுக்கப்படவில்லை, ஆசரிப்புக் கூடாரத்துக்கு உரியது என்பதால் வீட்டுக்கு வரக் கூடாது. கூடாரமும் ஆசாரியனும் கிறிஸ்துவில் வந்து சேர்ந்தபின் அந்தக் காவலுக்கு வேலை இல்லை. இன்றைய பாலியெஸ்டர் கலந்த சட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கூலி பற்றிய 13-ஆம் வசனத்திடம் இதே கேள்வியைக் கேளுங்கள். அது காத்தது அன்றாடங்காய்ச்சியின் இரவுச் சோற்றை. அந்தக் காவலுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அப்போஸ்தலர் 15-இல் விருத்தசேதனம் தேவையில்லை என்ற முடிவுக்கு எருசலேமில் வழிகாட்டிப் பேசியவர் யாக்கோபு. அவர் பெயரில் உள்ள நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறது.