அமோலெட் திரை: சில வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

அமோலெட் திரை, அதாவது ஒவ்வொரு பிக்சலும் (புள்ளியும்) தானே ஒளிரும் திரை, வைத்த போன் ஒன்றைச் சில வருஷமாகப் புழங்கி வருகிறேன். கறுப்பு இன்றைக்கும் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே அட்டைக் கறுப்பு. இருட்டில் படம் பார்த்தால் திரையின் ஓரம் எங்கே என்றே தெரியாது. எல்சிடியில் பின்னால் எரியும் விளக்கு கொஞ்சமாவது கசியும். இதில் கறுப்பு வரும் இடத்தில் பிக்சலே அணைந்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே மறுபடியும் இதைத்தான் வாங்குவேன்.

வெள்ளைதான் மாறிவிட்டது. வெளிர்சாம்பல் படத்தைத் திரை முழுக்க வைத்துப் பார்த்தால், கீபோர்டு வரும் பகுதி லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது. நாள் முழுக்க அங்கே வெள்ளைதானே எரிகிறது? சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்ததுதான் வெள்ளை. அதில் நீலம் மட்டும் முந்திக்கொண்டு தேய்ந்திருக்கிறது, அதனால்தான் மஞ்சள்.

நீலத்தின் தொல்லை பழையது. 1987இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும், இந்தத் திரைகளுக்கு அடிப்படையான மெல்லிய கரிமப் (கார்பன் சேர்மங்களால் ஆன) படலத்தில் 10 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்தே நல்ல ஒளியை வரவழைத்தார்கள். ஆனால் மின்சாரம் பாயும்போது உண்டாகும் கிளர்வு நிலைகளில் (மூலக்கூறு ஆற்றல் ஏறி நிற்கும் நிலைகளில்) 25 சதவீதம்தான் சாதாரண ஒளிர்பொருளில் நேராக ஒளியாகும். மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். அப்புறம் வந்த, இரிடியம் என்ற உலோகத்தின் சேர்மங்கள் சிவப்பிலும் பச்சையிலும் அந்த மீதியையும் ஒளியாக்கின. நீலத்தில் அது லேசில் கைகூடவில்லை. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். இரண்டு கிளர்வு நிலைகள் மோதினால் மூலக்கூறின் பிணைப்பே அறுந்துபோகும் அளவுக்கு ஆற்றல் சேர்ந்துவிடுகிறது. அதனால் பெரும்பாலான போன்களில் நீலத்துக்கு இன்னும் பழைய வகை ஒளிர்பொருள்தான். பிக்சலுக்குள் நீலம் தரும் பகுதியை (சப்பிக்சலை) பெரிதாக வைத்து அதன் மேல் விழும் சுமையைக் குறைக்கிறார்கள்.

ஆய்வுக்கூடங்கள் சும்மா இல்லை. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சியின் குழு, வீணாகும் நிலைகளை இரிடியம் இல்லாமலே மீட்கும் கரிம மூலக்கூறுகளை 2012இல் காட்டியது. ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்துப் பிணைப்பு அறுவதைத் தாமதப்படுத்தும் வழியும் திரைகளுக்கு வந்துவிட்டது. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் நிட்ஸ் (திரை வெளிச்ச அளவு) கணக்கைவிட எனக்கு நீலம் நீடிப்பதுதான் முக்கியம்.

கீபோர்டையும் டார்க் மோடுக்கு மாற்றிவிடுங்கள், பிரைட்னஸைத் தேவைக்கு மேல் ஏற்ற வேண்டாம். பழைய அமோலெட் போன் வாங்குகிறீர்களா? காசு கொடுக்கும் முன் அந்தச் சாம்பல் படத்தை ஒருமுறை வைத்துப் பாருங்கள். வெயிலில் முழு வெளிச்சத்தில் மேப்பைப் போட்டபடி நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் எல்சிடி போனைத்தான் சொல்வேன்.