பேக்கார்ட் ஷட்டருக்கு மாற்று ரப்பர் பல்புகள்: சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

பழைய ஸ்டுடியோ கேமராக்களில் ஒளியை உள்ளே விட்டு மூடும் காற்றழுத்த ஷட்டர்களில் பித்தளையும் எஃகும் நூறாண்டு கடந்தும் உழைக்கின்றன. முதலில் போவது ரப்பர்தான். ஆக்சிஜனும் ஓசோனும் இயற்கை ரப்பரை மெல்ல மெல்ல அரிப்பதால், கையால் அமுக்கும் பல்பும் அதை ஷட்டருடன் இணைக்கும் குழாயும் ஒன்று கல்லாக இறுகிவிடும், அல்லது பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். ஆகவே இன்று இத்தகைய ஷட்டரை வாங்குபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, வெறும் பித்தளை முனை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி மட்டுமே. அந்த முனையில் எதைப் பொருத்துவது என்பதற்கு, அமெரிக்காவின் கலமசூ நகரில் தயாரான பேக்கார்ட்-ஐடியல் ஷட்டர் ஒன்றையும், இங்கிலாந்தின் தார்ன்டன்-பிக்கார்ட் திரைச்சுருள் ஷட்டர் (சுருளில் ஓடும் திரையால் ஒளியை விடும் வகை) ஒன்றையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்திவரும் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

பேக்கார்ட் ஷட்டரில் ஒளியை மறைக்கும் மெல்லிய தகடுகளான இதழ்களை வில் எதுவும் இழுத்து மூடுவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பல்பை அமுக்கும்போது காற்று ஒரு சிறு சிலிண்டருக்குள் சென்று பிஸ்டனைத் தள்ளுகிறது, இதழ்கள் திறக்கின்றன. கையைத் தளர்த்தியதும் பல்பு பழைய வடிவத்துக்கு விரிந்து, அதே காற்றைத் திரும்ப உறிஞ்சிப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது, இதழ்கள் மூடுகின்றன. அதாவது பல்பு பாதி வேலையைத் தள்ளியும் பாதி வேலையை உறிஞ்சியும் செய்கிறது. மாற்றுப் பல்பு தேடுவோர் பலரும் அது எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று மட்டுமே பார்க்கிறார்கள். எவ்வளவு விரைவாக, எவ்வளவு வலுவாக வடிவம் மீள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய சுவருள்ள பல்பு அழகாகத் திறந்துவிடும்; ஆனால் மூடும்போது இதழ்கள் பாதியில் தயங்கி நிற்க, அந்தப் படத்தின் எக்ஸ்போஷர் (ஒளி படும் அளவு) கணக்கே மாறிப்போகும்.

எளிதில் கிடைப்பது இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கறுப்புப் பல்பு. எந்தச் சர்ஜிக்கல் கடையிலும் தனியாகவே விற்கிறார்கள். ஆனால் வாங்கியபடியே அதைப் பொருத்தினால் ஷட்டர் திறக்கும், மூடாது. அந்தப் பல்பின் வால் பக்கத்தில் காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது. கையைத் தளர்த்தும்போது பல்பு சிலிண்டரிலிருந்து காற்றை உறிஞ்சாமல் அந்த வால்வின் வழியாக அறைக்காற்றை இழுத்துக்கொள்கிறது. முன்பக்கத்தில் திருகுடன் இருக்கும் பகுதியும் காற்றைத் திரும்ப விடாது. எனவே இரண்டையும் கழற்றிவிட வேண்டும். வால் துளையில், சரியான தடிமனுள்ள சிறு போல்ட் ஒன்றுக்கு டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கமாகச் செருகி அடைக்கலாம், பசை தேவையில்லை. முன் துளையில் குழாயை நேராகச் செருகிவிடலாம். இவ்வாறு மாற்றிய பல்பு, நடுத்தர அளவுள்ள பேக்கார்டுக்குப் போதுமான காற்றைத் தருகிறது. அதன் குறை ஆயுள்தான். நம் ஊர்க் கோடையில் கழுத்துப் பகுதியில்தான் முதலில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றைக் கண்ணால் பார்ப்பதைவிட, குழாயின் முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு பல்பை நீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

இதைவிட எனக்குப் பிடித்தது காது கழுவப் பயன்படும் ரப்பர் பல்பு. அதற்கு ஒரே வாய்தான், வால்வு கிடையாது, சுவரும் தடிமனானது. கூம்பு முனையைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வந்தால் குழாய் இறுக்கமாகப் பொருந்தும் இடம் கிடைத்துவிடும். பல்பை முழுவதும் அமுக்கி, வாயை விரல்நுனியால் மூடிக் கையைத் தளர்த்திப் பாருங்கள்: நல்ல பல்பாக இருந்தால் விரலின் தோலைச் சுள்ளென்று உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு இல்லாத பல்பை வாங்க வேண்டாம். கடையில் பி.வி.சி., ரப்பர், சிலிக்கோன் என மூன்று வகை கிடைக்கலாம். பி.வி.சி. பல்பு தொடக்கத்தில் திருப்தியாகவே இருக்கும். நாளடைவில் அதை மிருதுவாக வைத்திருக்கும் பொருள் வெளியேறுவதால் மேற்பரப்பு ஒட்டத் தொடங்கும், தூசியும் படியும். சிலிக்கோன் வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்குகிறது. இப்போது என் கேமராவில் நிலையாக இருப்பது அதுதான்.

ஆட்டோ ரிக்‌ஷாவில் கையால் அமுக்கி ஒலிக்கும் ஹாரனின் பல்பையும் இங்கே சொல்ல வேண்டும். அதுவும் ஒரே வாய் கொண்டது, காற்றுக் கொள்ளளவு மிக அதிகம், மீளும் விசையும் வலுவானது. வாய் அகலமாக இருப்பதால் நடுவில் துளையிட்ட ரப்பர் கார்க் ஒன்றில் சிறு பித்தளைக் குழாயைச் செருகி அடைக்க வேண்டும். பெரிய போர்ட்ரெய்ட் லென்சுக்குப் பின்னால் இருக்கும் அகன்ற பேக்கார்டுக்கு இது சிறப்பாகப் பொருந்துகிறது. சிறிய ஷட்டருக்கு மட்டும் இது வேண்டாம்: வேகமாக அமுக்கினால் இதழ்கள் எல்லையில் மோதித் துள்ளுகின்றன, மெல்லிய இணைப்புகளுக்கு அது நல்லதல்ல. பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் யூனிக்கம் போன்ற நுண்மையான ஷட்டர்களின் சிலிண்டர்களுக்கு இவ்வளவு காற்று தேவையே இல்லை. விரலால் இயக்கும் நெம்புகோல் அதில் இருப்பதால், பல்பு கிடைக்கும்வரை அதையே பயன்படுத்தலாம்.

குழாயைப் பொறுத்தவரை, உள்விட்டம் சுமார் 5 மி.மீ. உள்ள சிலிக்கோன் குழாய் என் ஷட்டரின் முனைக்குப் பொருந்தியது. ஷட்டருக்கு ஷட்டர் முனை மாறும் என்பதால் அளந்துவிட்டு வாங்குவதே முறை. நீளத்தில் பேராசை கூடாது. அந்த விட்டத்தில் 1 மீட்டர் குழாய்க்குள் ஏறத்தாழ 20 மி.லி. காற்று அடைபட்டிருக்கும், 3 மீட்டர் என்றால் 60 மி.லி. ஆகிவிடும். சிறு ஊசி ஒன்றைத் துளையில் செருகி ஏறத்தாழ 1/25 நொடிக்கு மாற்றக்கூடிய 6ஆம் எண் பேக்கார்டில், நீளமான குழாய் அந்த விரைவை மந்தமாக்கிவிடுகிறது. ஒரு நொடி, இரண்டு நொடி என்று நீண்ட நேரம் திறந்து படம் எடுப்பவர்களுக்கு இது பொருட்டல்ல. எப்படியிருந்தாலும் குழாயைப் பித்தளை முனையில் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். பின்னொரு நாள் அதை எடுக்க இழுக்கும்போது, எங்கும் வாங்க முடியாத அந்த முனை கழன்றுவரும்.

தார்ன்டன்-பிக்கார்டின் கதை வேறு. அங்கே காற்று திரையை நகர்த்துவதில்லை. உள்ளே இருக்கும் விரலளவுகூட இல்லாத சிறு ரப்பர் பை உப்பி, ஒரு நெம்புகோலைத் தூக்கிப் பூட்டை விடுவிக்கிறது, மற்றதைச் சுருள்வில் பார்த்துக்கொள்கிறது. எனவே வெளிப்பல்பு எதுவானாலும் சமாளிக்கலாம். உள்ளே இருக்கும் பைதான் சிக்கல். கையுறையின் விரல்நுனியை வெட்டிக் கட்டினால் அது பக்கவாட்டில் பிதுங்கி, நெம்புகோலைத் தூக்கும் விசையை வீணாக்குகிறது. சொட்டு மருந்துக் குப்பியின் ரப்பர் தலை தடிமனாகவும் குறுகலாகவும் இருப்பதால் மேல்நோக்கி உப்புகிறது. இதுவரை நான் பொருத்தியவற்றில் நீடித்து உழைப்பது இதுவே.

பல்பு நன்றாக இருந்தும் பேக்கார்ட் தயங்கினால் சிலிண்டரைப் பாருங்கள். அதற்குள் எண்ணெய் விடவே கூடாது; பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், கசியும் எண்ணெய் ரப்பரையும் கெடுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, தேவையானால் மிகச் சிறிதளவு கிராஃபைட் தூள் தடவினால் போதும். பயன்படுத்தாத நாட்களில் பல்பைக் குழாயிலிருந்து கழற்றி, வெளியே சிறிது முகப்பவுடர் தடவி, எதுவும் மேலே அழுத்தாதபடி இருட்டான பெட்டியில் வைக்கவும். மடங்கிய நிலையிலேயே கிடக்கும் பல்பு அந்த மடிப்பிலேயே வெடிக்கும்.